வெள்ளிக்கிழமை மதியம் வரை

அமைச்சகத்தில் அவளுக்கு 'வெள்ளிக்கிழமை மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. லிப்ட் கதவு மூடுகிற நேரத்தில் காதில் விழும். கண்டுகொள்ளாதவள் போல நிற்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல.

பல நாடுகள் உட்கார்ந்து ஒரே காகிதத்துக்குச் சம்மதிக்க வேண்டிய கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேசிப் பேசி எல்லோருக்கும் வாய் வலித்த பிறகு, தலைமையில் இருப்பவர் ஒரு வரைவை எல்லோருக்கும் அனுப்பிவைப்பார். இன்ன கிழமை, இன்ன வேளைக்குள் யாரும் மறுக்காவிட்டால் அனைவரும் ஏற்றதாகவே கொள்ளப்படும் என்று அடியில் ஒரு வரி இருக்கும். கை தூக்க வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம். சும்மா இருந்தால் போதும். பிடிக்காத நாடு செய்யக்கூடியது ஒன்றுதான். 'வருத்தத்துடன் மௌனத்தைக் கலைக்கிறோம்' என்று ஒற்றை வரி அனுப்பலாம். காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. அந்த வரி வந்தால் வரைவு செத்தது.

அவள் தலைமையில் இருந்தபோதெல்லாம் கெடு வெள்ளிக்கிழமை மதியம்தான். அந்த வேளையில் பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். சிலருடைய தலைநகரத்தில் விடுமுறை தொடங்கியிருக்கும். சிலர் மேலிடத்துக்கு போன் போட்டால் மேலிடம் சாப்பிடப் போயிருக்கும். நேரில் கேட்டால் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிற ஆட்கள் அந்த மதியத்தில் வாயைத் திறக்காமல் விட்டுவிடுவார்கள். யார் எதனால் பேசாமல் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. தூக்கத்தால் யார், பயத்தால் யார், பக்கத்து நாட்டுக்காரனே எதிர்க்கட்டும் என்று காத்திருந்து ஏமாறுபவர் யார், எல்லாம் தெரியும். அப்படி எத்தனையோ உடன்பாடுகள் அவள் கையால் நிறைவேறின. அவற்றால் எல்லைகளில் சரக்கு லாரிகள் நகர்ந்தன, சிறைபிடிக்கப்பட்ட கப்பல்காரர்கள் வீடு திரும்பினார்கள். நல்ல காரியங்கள்தான்.

அதே வழக்கத்தை அவள் வீட்டிலும் வைத்திருந்தாள், ஃப்ரிட்ஜ் கதவில்.

இந்த வெள்ளிக்கிழமை அந்தக் கதவில், காந்தத்துக்கு அடியில், அவளுடைய வாழ்க்கையிலேயே பெரிய வரைவு தொங்கிக்கொண்டிருந்தது. தூதர் பதவி. அதுவும் எல்லோரும் கண் வைத்திருந்த பெரிய தலைநகரம். வரும் திங்களன்று பதில் சொல்லும்படி அமைச்சகத்தின் செயலர் கேட்டிருந்தார். 'இருவரும் புறப்படுகிறோம். ஆட்சேபம் இருந்தால் வெள்ளி மதியத்துக்குள்' என்று புதன்கிழமை எழுதி ஒட்டிவிட்டு வந்திருந்தாள். அந்தக் கதவில் இதுவரை ஒட்டியது எதுவும் கலைந்ததில்லை. அதனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே துணைச் செயலர் தன் அறையில் கேக் வெட்ட ஏற்பாடு செய்தபோது அவள் தடுக்கவில்லை.

கேக்குக்கு முன்னால் நிற்கும்போது கைபேசி துடித்தது. கணவர்.

'வருத்தத்துடன் மௌனத்தைக் கலைக்கிறோம்.'

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. துணைச் செயலரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார்.

"சார் செம ஆளு மேடம்! உங்க மருந்தையே உங்களுக்குக் குடுக்கறாரு பாருங்க."

"குசும்பு ஜாஸ்தி அவருக்கு," என்றாள்.

கத்தியை எடுத்தாள். கை அப்படியே நின்றது. அவர் விளையாட்டுக்காரர்தான். ஆனால் அவருடைய விளையாட்டெல்லாம் வாயோடு சரி. எழுத்தில் அவர் விளையாடியதே கிடையாது.

*

அவளுடைய அப்பா அஞ்சல் பிரிப்பகத்தில் வேலை பார்த்தவர். அயல்நாட்டுத் தபால்தலைகளைக் கிழித்து வந்து மகளுக்குக் கொடுப்பார். அந்த ஊர்களுக்கெல்லாம் போகிற வேலை ஒன்று உண்டென்று தெரிந்த நாளிலிருந்து அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. எழுத்துத் தேர்வில் முதல் வரிசையில் வந்தாள். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களில் வயதானவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்குக் கல்யாணம் ஆனா, உங்க புருஷன் எங்கம்மா இருப்பாரு?"

"எங்க இருக்கணுமோ அங்க இருப்பாரு சார்."

குழு முழுக்கச் சிரித்தது. வேலை கிடைத்தது. அப்போது அவளுக்கு மாப்பிள்ளையே பார்த்திருக்கவில்லை. இன்னும் கண்ணால் பார்க்காத ஒருவருக்காக அவள் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டாள். அந்தக் கதையை எத்தனை விருந்துகளில் சொல்லியிருப்பாள்! ஒவ்வொரு முறையும் மேசை சிரிக்கும். கணவரும் சிரிப்பார்.

முதல் வேலை, தூதரகத்தின் குடிமக்கள் பிரிவில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். தொலைந்த கடவுச்சீட்டு, ஏமாற்றிய முதலாளி, சிறையில் இருக்கும் தம்பி என்று ஆட்கள் கால் கடுக்க நிற்பார்கள். தடுப்பின் சிறிய ஓட்டை வழியாகக் குனிந்து பேசுவதால் எல்லோரும் கெஞ்சுவது போலவே தெரியும். அவள் அந்த ஓட்டையைக் கொஞ்சம் மேலே வைக்கச் சொல்லி எழுதிப் போட்டாள். அந்தக் கோரிக்கை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்து ஒரு கட்டடத் தொழிலாளி இறந்துபோனார். வீட்டுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு அவளுக்கு வந்தது. "தொண்டையைச் செருமாத. செருமுனாலே அந்தப் பக்கம் புரிஞ்சிடும், அப்புறம் நீ சொல்றது எதுவும் ஏறாது," என்று மேலதிகாரி சொல்லிக்கொடுத்திருந்தார். செருமாமல் சொன்னாள். மறுமுனையில் அந்த மனைவி அழவில்லை.

"நீங்க அவரப் பாத்தீங்களா? முகம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் பார்த்திருக்கவில்லை. திரும்பக் கூப்பிடுகிறேன் என்றாள். போனை வைத்துவிட்டு நேரே பிணவறைக்குப் போனாள். பார்த்தாள். திரும்பி வந்து மறுபடியும் அழைத்தாள். "முகத்துல அடி எதுவும் இல்லம்மா. தூங்கற மாதிரிதான் இருக்காரு. மீசைய நல்லா ஒதுக்கி விட்டிருக்காங்க." அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுகிற அதிகாரி என்று அவளுக்கு அங்கே பேர் வந்தது. வெள்ளிக்கிழமைப் பேர் அதற்கு வெகுகாலம் பிறகு வந்தது.

*

மாப்பிள்ளை பல் கட்டுகிற தொழில்நுட்பக்காரர். டாக்டர் அல்ல, டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, உட்கார்ந்து பல் செய்கிறவர். பெண் பார்க்க வந்தபோது நகக்கண்ணில் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. தனியாகப் பேச விட்டார்கள். ஏதாவது கேட்பார் என்று அவள் காத்திருந்தாள்.

"உங்க முன்பல்லு லேசாத் தூக்கல். ஆனா எடுப்பா இருக்கு. யாராவது சரிபண்றேன்னு வந்தா விடாதீங்க," என்றார்.

அவளுக்குப் பிடித்துப்போனது.

கல்யாணமாகிப் போன முதல் ஊரிலேயே அவருடைய கடவுச்சீட்டில் ஒரு முத்திரை விழுந்தது: தூதரக அதிகாரியின் துணைவர், பணிபுரிய அனுமதியில்லை. அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, சும்மா இருன்னு ஒரு அரசாங்கமே சொன்ன ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்," என்றார். விருந்துகளில் அவரை மற்ற அதிகாரிகளின் மனைவிமாருக்கு நடுவில் உட்காரவைப்பார்கள். வீட்டுக்கு வரும் வழியில், காரின் பின்னிருக்கையில், அன்றைய அறிக்கையை வாசிப்பார். "அந்த வெள்ளை மீசைத் தூதருக்கு மேல்வரிசை முழுக்க செட்டு. பாவம், கடலைய முழுங்கிட்டாரு, மெல்லல. வர்த்தக அமைச்சருக்குக் கடைவாய்ப்பல்லே இல்ல, அதான் எல்லாத்துக்கும் சரி சரிங்கறாரு." அவள் சிரித்துச் சிரித்து ஓய்வாள். டிரைவருக்கு மொழி புரியாததால் மானம் தப்பும்.

இரண்டாவது இடமாற்ற ஆணை வந்த வாரம்தான் அது தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் அந்த மௌன வழக்கத்தைப் பற்றி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கே! அப்ப என்னையும் ஒரு நாடுன்னு வெச்சுக்க. குட்டி நாடு," என்றார்.

"குட்டி நாட்டுக்கும் மறுக்கற உரிமை உண்டுங்க."

"அப்ப எழுதி ஒட்டு. சர்வதேச முறைப்படியே நடக்கட்டும்."

ஒட்டினாள். வெள்ளி மதியம் வந்தது, போனது. பெட்டி கட்டினார்கள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் பிறகு அவள் நேரில் கேட்பதே நின்றுபோனது. ஊர் மாறும், வீடு மாறும், சுவிட்சு எந்தப் பக்கம் என்று இருட்டில் சுவரைத் தடவும் கை மாறாது. ஒவ்வொரு வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருந்தது. ஒவ்வொரு கெடு முடியும்போதும் அவளுக்கு ஒரு பெருமூச்சு வரும். அது நிம்மதி என்று அவள் எண்ணியிருந்தாள்.

அவர் ஒரே ஒரு முறை முத்திரையை மீறினார். ஒரு மழைக்காலத்தில், இல்லத்தின் கல்படியில் வழுக்கி விழுந்து அவளுடைய அந்தத் தூக்கலான முன்பல் பாதியாக உடைந்தது. மறுநாள் அவள் நாட்டின் சார்பில் பேச வேண்டும். அவர் அந்த ஊர்ப் பல்மருத்துவர் ஒருவரைப் பிடித்து, கையையும் காலையும் ஆட்டிப் பேசி, அவருடைய பின்னறையில் ஒரு மூலையை வாங்கிக்கொண்டார். பல் நிறங்களை வரிசையாகக் கோத்த அட்டையை அவள் உதட்டருகே பிடித்துப் பிடித்துப் பார்த்தார். செய்து முடித்த பல் அதே தூக்கலோடு இருந்தது. நேராகவே செய்திருக்கலாமே என்று மருத்துவர் வியந்தார். "அப்புறம் யாரோ பேசற மாதிரி இருக்கும்," என்று கணவர் தன் மொழியிலேயே சொல்ல, அவள் மொழிபெயர்த்தாள். அதற்குப் பிறகு அவள் எந்த மன்றத்தில் பேசியதும் அந்தப் பல் வழியாகத்தான்.

*

கேக் வெட்டாமலேயே அறையைவிட்டு வெளியே வந்தாள். மாடிப்படித் திருப்பத்தில் நின்று மகளை அழைத்தாள். மகள் வேறொரு நாட்டில் வேலை பார்க்கிறாள். பள்ளியின் கடைசி ஆண்டுகளை அத்தை வீட்டில் தங்கி முடித்தவள். அதற்கு முன் ஊர் ஊராக மாறியதில் அவளுக்கு மொழிகள் குழம்பிக் கிடந்தன. கனவில் எந்த மொழி பேசுகிறாள் என்று ஒருமுறை ஆசிரியை கேட்டதற்கு, "யாரும் பேசறதில்ல மிஸ்," என்றாளாம். அவள் ஓர் இடத்தில் நிலைக்கட்டும் என்றுதான் அத்தை வீட்டு ஏற்பாடு. அதுவும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, கெடு வைத்து, கலையாமல் போன வரைவுதான்.

"பாப்பா, அப்பா ஒரு மெசேஜ் அனுப்பியிருக்காரு. மௌனத்தைக் கலைக்கறாராம். ஏதாவது உடம்புக்கு முடியலையா அவருக்கு? உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கலைச்சுட்டாரா? அப்பாவா?"

"ஆமா. என்ன ஆச்சு, அழறியா?"

"இல்லம்மா. நான் அத்தை வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த வாரம் பூரா, இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். அப்பா கலைச்சிடுவாருன்னு. வெள்ளிக்கிழமை ஸ்கூல்லேருந்து ஓடிவந்து கதவைத்தான் முதல்ல பாத்தேன். ஒண்ணும் எழுதல."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எனக்கு ஓட்டு இருக்குன்னு யாரும்மா சொன்னீங்க?"

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். ஒரு முகம் நினைவுக்கு வந்தது. ஒரு தீவு நாட்டின் பிரதிநிதி. வரைவு நிறைவேறிய பிறகு அவளைத் தேடி வந்து, தன் தலைநகரத்தில் புயல் என்றும், தொடர்பே இல்லாததால்தான் பேசாமல் இருந்தோம் என்றும், அது சம்மதமல்ல என்றும் தணிந்த குரலில் சொன்னார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அவள் பதில் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டுத் தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போனார். அன்று திரும்பும் விமானத்தில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

டிரைவரைக் கூப்பிட்டு, "லேபுக்குப் போங்க," என்றாள்.

"எந்த லேப் மேடம்?"

அவளுக்குத் தெருப்பெயர் தெரியவில்லை. கடைசியாக நாடு திரும்பியதும் கணவர் ஒரு கூட்டாளியோடு தொடங்கிய பல் செய்யும் இடம் அது. திறப்புவிழாவுக்கு ரிப்பன் வெட்டப் போனதோடு சரி.

*

துணிக்கடைக்கு மேல் மாடியில் நீளமான அறை. நுழைந்ததும் பல் செட்டுக்கு ஊற்றும் திரவத்தின் நெடி மூக்கைத் துளைத்தது. அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள், வாயைத் திறந்தபடி, சத்தமில்லாமல். சன்னல் ஓரத்தில், சின்னச் சுடருக்கு முன்னால், கணவர் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கூட்டாளி, பருத்த மனிதர், அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க மேடம். நான் போயி டீ சொல்லிட்டு வரேன்," என்றவர், டீக்கடை கீழேயே இருந்தும் குடையை எடுத்துக்கொண்டு போனார். சீக்கிரம் வரப்போவதில்லை என்று பொருள்.

"மெசேஜ் பாத்தேங்க."

"நேரத்துக்குள்ளதானே அனுப்பினேன்? செல்லும்ல?"

"செல்லும்."

"காரணம் சொல்லத் தேவையில்லன்னு நீதான் சொல்லியிருக்க."

"தேவையில்ல. ஆனா தலைமையில இருக்கறவங்க போயிக் கேக்கலாம்."

"அப்படியா? இந்த விதிய எனக்கு யாரும் சொல்லலயே," என்றார். கண் சிரித்தது. கை நிற்கவில்லை.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கோபப்படக் கூடாது. எந்தப் பத்தியில் சிக்கல் என்று கேட்க வேண்டும். எதைக் கொடுத்தால் இறங்குவார்கள் என்று பார்க்க வேண்டும்.

"எந்த இடத்துல சிக்கல்னு சொல்லுங்க. முதல்ல நான் போறேன், நீங்க பின்னால வாங்க. வருஷத்துல பாதி இங்க, பாதி அங்க. கூட்டாளிகிட்ட நான் பேசறேன்."

"பேரம் பேசாதம்மா. நான் என்ன எதிரி நாடா? நீ போ. தாராளமாப் போ. உனக்குக் கிடைக்க வேண்டியதுதான், எப்பவோ கிடைச்சிருக்கணும். நான் வரல. அவ்வளவுதான்."

அப்போது வந்தது கோபம், பாடமெல்லாம் பறந்தது.

"இத்தனை வருஷம் வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்துட்டு, என் நாற்காலி வர்றப்பதான் உங்களுக்கு வாய் வந்துச்சா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேக்கலையே. ஒட்டிட்டுப் போயிடுவ."

"விளையாட்டுக்குத்தானே ஒட்டினது! நீங்கதானே ஒட்டுன்னீங்க!"

"ஆமா, நான்தான் சொன்னேன். முதல் தடவை விளையாட்டுதான்." அவர் சுடரை அணைத்தார். "அப்புறம் பால் எடுக்கப் போனா அது, தண்ணி எடுக்கப் போனா அது. ஃப்ரிட்ஜைத் திறக்கவே சலிப்பா இருக்கும். கெடு முடிஞ்சு நீ காகிதத்தைக் கிழிச்சுப் போட்டப்புறந்தான் சாப்பாடே இறங்கும்."

அவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். முழங்காலில் மாவு வெள்ளையாக ஒட்டியது.

"நடுவுல நம்ம ஊர்ல இருந்தப்ப பீங்கான் பல்லு சுடற சூளை வாங்கி வெச்சீங்களே, பிரிக்கக்கூட இல்ல, அப்ப ஆணை வந்துச்சு. அன்னிக்கு?"

"வேணாம்னுதான் இருந்துச்சு. போர்வையப் போட்டு மூடிட்டு வந்தேன்."

"பாப்பாவ உங்க அக்கா வீட்டுல விட்டப்ப?"

அவர் கையிலிருந்த மெழுகுப் பல்வரிசையைத் துணிமேல் வைத்தார்.

"அன்னிக்குப் பேனாவ எடுத்துட்டுக் கதவு முன்னாடி போய் நின்னேன். பாப்பா தண்ணி குடிக்க வந்தா. நான் நிக்கறதப் பாத்தா. பாத்துட்டு, நான் எழுதட்டும்னு மெதுவாக் குடிச்சா. அவ்வளவு மெதுவா யாரும் தண்ணி குடிச்சு நான் பாத்ததில்ல. நான் எழுதல. அவ டம்ளரைக் கழுவி வெச்சிட்டுப் போயிட்டா."

"ஏங்க எழுதல?"

"எங்க இருக்கணுமோ அங்க இருப்பாருன்னு இன்டர்வியூல சொன்னதை நீ எல்லா விருந்துலயும் சொல்லுவ. எல்லாரும் சிரிப்பாங்க. உன் முகம் அப்ப எப்படி இருக்கும் தெரியுமா? அதப் பொய்யாக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். தப்புதான். அந்தத் தப்புக்குப் பாப்பாவையும் சேத்து இழுத்துட்டேன்."

கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் தொண்டையைச் செருமவில்லை, பழக்கம்.

"இப்ப மட்டும் ஏன்?"

"என் கையப் பாரு." நீட்டினார். விரல் நுனிகள் லேசாக நடுங்கின. "நுணுக்கமான வேலை இன்னும் கொஞ்ச காலந்தான் வரும். அந்தக் கொஞ்ச காலத்தையும் உன் விருந்துல முள்கரண்டி பிடிக்கறதுக்குக் குடுக்க முடியாதும்மா. எனக்கு மனசு வரல."

எத்தனையோ முறை அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறாள். இந்த நடுக்கம் எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கூட்டாளி கடைசியில் டீ கொண்டுவந்தார். ஆறிப்போயிருந்தது. இருவரும் குடித்தார்கள்.

*

அவள் அந்தப் பதவியை விட்டுவிடலாம் என்று சனிக்கிழமை முழுக்க நினைத்தாள். ஞாயிறன்று அவரிடம் அதைச் சொன்னாள். எழுதி ஒட்டவில்லை, எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"வேணாம்னு சொல்லிடட்டுமாங்க?"

"உனக்கு வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"அப்ப எனக்காக விடாத. நீ இங்க உட்கார்ந்து என்னையே பாத்துட்டிருந்தா ரெண்டு பேரும் வீணாப் போயிடுவோம்." கொஞ்சம் பொறுத்து, "தனியா இருக்கறது எனக்கும் கஷ்டந்தான். அதையும் சொல்லிடறேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லாத," என்றார்.

திங்களன்று செயலர் கோப்பை மூடிவிட்டு, சம்பிரதாயமாகக் கேட்டார். "சார் வர்றார்ல? அந்த இல்லத்துல விருந்து ஓயாது. ஜோடியா இருந்தாத்தான் எடுபடும்."

வாயில் பழைய பதில் தயாராக இருந்தது. சொன்னால் இவரும் சிரிப்பார்.

"கேட்டேன் சார். வரலன்னு சொல்லிட்டாரு. தனியாத்தான் போறேன்."

செயலரின் முகத்தில் ஈயாடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்து வந்த நாட்களில் செயலரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. யாரோ எங்கோ பேசாமல் இருப்பதை வைத்துத் தன் வாழ்க்கை தீர்மானமாவது எப்படி இருக்கும் என்று அவள் முதன்முறையாகத் தெரிந்துகொண்டாள். கைபேசியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக் கிடந்தாள். கடைசியில் ஆணை வந்தது. பெரிய தலைநகரம், மனைவியோடு போகிற இன்னொருவருக்கு. அவளுக்குத் தூதர் பதவிதான், ஆனால் குளிர் மிகுந்த, யாரும் கேட்டு வாங்காத ஊர்.

"என்னால போச்சு," என்றார் கணவர்.

"உங்களால போகல. நான் உண்மையச் சொன்னேன், அதனால போச்சு," என்றாள். பிறகு அவளுக்கு அழுகை வந்தது. நெடுநேரம் அழுதாள். இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ள முயலவில்லை.

புறப்படும் நாளன்று விமான நிலையத்தில் அவர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். உள்ளே பஞ்சில் ஒரு பல். அதே நிறம், அதே தூக்கல்.

"அந்த ஊர்ல படியெல்லாம் பனியா இருக்குமாம். விழுந்தா மாத்து வேணுமில்ல. கை நடுங்கறதுக்கு முன்னாடியே செஞ்சு வெச்சது," என்றார். "என்ன அப்படிப் பாக்கற? பெட்டில போடாத, கைப்பையில வெச்சுக்க. பெட்டி தொலையும்."

*

அந்த ஊர் இல்லத்தில் சாப்பாட்டு மேசை நீளமானது. ஒரு முனையில் அவள் இடம். எதிர்முனையில் துணைவர் இடம். விருந்து நாட்களில் உபசார அதிகாரி அந்த நாற்காலியை எடுத்துவிடலாமா என்று கேட்பார். இருக்கட்டும் என்பாள். விருந்தினர்கள் அங்கே பார்ப்பார்கள், பிறகு பார்க்காததுபோலத் திரும்பிக்கொள்வார்கள். அவரவர் பற்களை அவள் கவனிப்பாள். சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாததால் ஞாபகத்தில் சேர்த்துவைப்பாள்.

ஒரு வாரம் அவள் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கினாள். வரைவு அனுப்பி, கெடு வைத்தாள். வெள்ளி காலையில் பதில் வராத நாடுகளுக்கெல்லாம் தானே போன் போட்டாள். "என்ன மேடம் இது, சும்மா கிடக்கறவங்களத் தட்டி எழுப்பறீங்க?" என்று உதவியாளர் தவித்துப்போனார். மூன்று நாடுகள் கலைத்தன. வரைவு விழுந்தது. மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டியதாயிற்று.

அன்று மதியம் கணவருக்குப் போன் போட்டாள். பின்னணியில் லேபில் பல் அரைக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"பாப்பா அடுத்த மாசம் இங்க வராளாம். நீங்களும் வரீங்களா? பத்து நாளைக்கு?"

இயந்திரம் நின்றது. அவர் எதுவும் சொல்லவில்லை. அவள் பனியைப் பார்த்தபடி காதில் போனை அழுத்திப் பிடித்திருந்தாள். முன்பென்றால் இந்த இடைவெளியிலேயே டிக்கெட் போட்டிருப்பாள்.

"இருக்கியா?" என்றார் அவர்.

"இருக்கேன். நீங்க சொல்லுங்க."

"இந்தத் தடவை வேணாம். கைல ரெண்டு பெரிய வேலை இருக்கு. நீயும் பாப்பாவும் பேச வேண்டியது நிறைய இருக்கும், நான் நடுவுல எதுக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "வசந்தத்துல கேளு."

"கேக்கறேங்க," என்றாள்.